'நே' விட்டுப்போன தங்கக் காசு

வைமண்டைக் கிறுக்கன் என்று சொல்கிறவர்களுக்கு என் கடையில் பீர் கிடையாது. எங்கள் சந்து முழுக்க இது தெரியும். மகள் தெருவில் போனால் அவன் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போவான். அவள் நின்றால் இவன் பின்வாங்குவான். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்குப் போய்த் தனியாக நிற்பான். புதிதாகக் குடிவந்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். கொள்ளைநோய் வந்த அந்தக் கோடையில் அவர்கள் இங்கே இல்லை. நான் இருந்தேன், அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில்.

நாணயச் சாலையில் சுத்தியல் அடிக்கிற வேலை அவனுக்கு. அடி அச்சு மரக்கட்டையில் இறங்கி நிற்கும். அதன்மேல் தங்க வில்லையை வைத்து, வில்லையின் மேல் இன்னொரு அச்சை ஒருவன் பிடித்துக்கொள்ள, வைமண்ட் ஓங்கி ஒரு போடு போடுவான். ஒரு பக்கம் கப்பலில் நிற்கிற ராஜா விழுவார், மறுபக்கம் சிலுவை, சிலுவையைச் சுற்றி எழுத்து. அடித்து அடித்து வலது தோள் இடது தோளைவிடப் பருத்துப் போயிருந்தது. ஒரு காது சுத்தமாக அடைத்துவிட்டது. அதனால் அவன் ரகசியம் பேசினால் தேம்ஸ் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. "ராஜா மூஞ்சி நடுவுல விழுந்திருக்கான்னு பாக்கறதுதான்க்கா என் வேல, சுத்தி இருக்கறத படிக்கிறவங்க பாத்துக்குவாங்க" என்பான்.

பெண்டாட்டி கடைசிப் பிரசவத்தில் போய்விட்டாள். இரண்டு பையன்களையும் கைக்குழந்தை அமிஸையும் அவனேதான் வளர்த்தான். கஞ்சி காய்ச்சத் தெரியாமல் கரியாக்கி, என்னிடம் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி காய்ச்சுவான்.

முதல் கொள்ளைநோய் வந்தபோது ஆள் பார்க்காமல் அள்ளிக்கொண்டு போனது. இரண்டாவது வந்தது இருக்கிறதே, அது பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கியது. பெரியவர்கள் நாங்கள் குத்துக்கல்லாட்டம் இருந்தோம். எங்கள் கண்ணெதிரே பிள்ளைகள் அக்குளில் கட்டி கிளம்பி, இரண்டொரு நாளில் போய்ச் சேர்ந்தார்கள். வைமண்டின் பெரியவன் ரேஃப் போனான். அவன் குழியின் ஈரம் காய்வதற்குள் சின்னவன் பியர்ஸ் போனான். இரண்டு பேருக்காகவும் அவன் வெள்ளிக் காசை வளைத்து நேர்ந்துகொண்டான். நோயாளியின் தலைக்கு மேல் பிடித்து, புனிதர் பெயரைச் சொல்லி வளைத்துவிட்டால் அந்தக் காசு அந்த நிமிஷம் முதல் புனிதருடையது. அதை நிமிர்த்தக்கூடாது, செலவழிக்கக்கூடாது, மாற்றி வேறு காசு வைக்கக்கூடாது. ஆள் பிழைத்தால் நடந்தே போய்ச் சமாதியில் சேர்த்துவிட வேண்டும். பையன்கள் பிழைக்கவில்லை. காசையும் அவர்களோடேயே போட்டு மூடினோம்.

பிறகு அமிஸ் படுத்தாள். எட்டு வயசு. தொடை இடுக்கில் முட்டை அளவுக்குக் கட்டி.

அவன் அன்று காலையில் பெண்டாட்டியின் மேலங்கியையும் இறகு மெத்தையையும் தோளில் போட்டுக்கொண்டு போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு அரை நோபிள் இருந்தது. தங்கம். எங்கள் சந்தில் அதற்கு முன் யார் வீட்டுக்குள்ளும் தங்கம் வந்ததில்லை.

"என்னடா இது?" என்றேன்.

"நான் அடிச்ச காசுதான்க்கா. சிலுவைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கீறல் விழும், இந்த அச்சுக்கு. பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு தடவ வெள்ளிய வளச்சேன், கேன்டர்பரி புனிதர் திரும்பிக்கூடப் பாக்கல. தங்கம் கேக்குறாரு போல."

"புனிதர் என்ன சந்தைக் கடைக்காரரா, பேரம் பேச?"

"பின்ன நான் என்னதான் செய்யட்டும்? நீங்க சொல்லுங்க. என்ன சொன்னாலும் செய்யறேன்."

அவன் மண்டி போட்டு, காசை அவள் நெற்றிக்கு மேலே பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். தங்கம் எதிர்க்கவே இல்லை, சட்டென்று மடங்கிக்கொடுத்தது. "புனித தாமஸே, இவள எனக்குக் குடுத்துடும், இவளையும் கூட்டிக்கிட்டு வெறுங்காலோட வர்றேன்" என்று அவன் நேர்ந்தது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். நூலில் கோத்து அவள் கழுத்தில் கட்டினான்.

மறுநாள் சூடு இறங்கியது. பாலில் நனைத்த ரொட்டி வேண்டும் என்று அவளே கேட்டாள். அவன் சிரித்த சிரிப்பில் என் வீட்டுப் பானை அதிர்ந்தது. சாவு விழுந்த வீட்டில் இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறானே என்று எனக்குக்கூடக் கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா உபதேசியார் ஜெர்வாஸ் தீர்த்தச் செம்போடு வரவேண்டும்? கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எழுத்தைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாது. குதிரைத் தொடையில் சூடு போட்டிருந்தாலும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் நகர்வார். தீர்த்தம் தெளித்தார், குனிந்தார், காசைப் பார்த்தார்.

"டோமினே... இன் ஃபுரோரே..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். காசை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி வாசித்தார். "நே எங்க?"

"எது எங்க?" என்றான் வைமண்ட்.

"லத்தீன்ல ரெண்டே ரெண்டு எழுத்து. டோமினே, நே, இன் ஃபுரோரே துவோ ஆர்குவாஸ் மே. நோயாளிகளுக்குச் சொல்ற சங்கீத ஜெபம். 'ஆண்டவரே, உம்முடைய கோபத்திலே என்னைக் கண்டிக்க வேண்டாம்.' அந்த 'வேண்டாம்'தான் நே. இதுல அது இல்ல." அவருக்குத் தான் கண்டுபிடித்ததில் ஒரு குஷி வேறு. "எப்படித் தப்பு வந்துச்சுன்னு பாருங்களேன். டோமினேங்கற வார்த்த முடியறதும் நே, அடுத்து வர்றதும் நே. அச்சு வெட்டினவன் முதல் நேயப் பாத்துட்டு ரெண்டாவதையும் போட்டாச்சுன்னு நெனச்சுட்டான்!"

"அப்ப இப்ப என்னன்னு இருக்கு?"

அப்போதுதான் அவருக்கு எந்த வீட்டில் நிற்கிறோம் என்று உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

"சொல்லுங்க ஐயா."

"ஆண்டவரே," என்றார் உபதேசியார், தரையைப் பார்த்துக்கொண்டு, "உம்முடைய கோபத்திலே என்னைக் கண்டியும்."

நான் அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். "வாய மூடிக்கிட்டு இருந்தா உம்ம தலையா போயிடும்? படிச்சவருக்கு அறிவு வேணாம்?" உள்ளே வைமண்ட் அதே இடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். "எம் புள்ள தலைக்கு மேல நான் சாபத்தையா வளச்சேன்?" என்று கேட்டான். என்னைக் கேட்டானா, வேறு யாரைக் கேட்டானோ, தெரியாது. திடீரென்று எழுந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அச்சு வெட்டுகிற ஹேமோவைத் தேடித்தான் ஓடினான். அடித்துக் கொல்லத்தான் போனேன் என்று பின்னால் அவனே சொன்னான். ஹேமோ பட்டறையில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். வைமண்ட் கத்தினதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த அச்ச வெட்டின அன்னைக்குக் காலைலதான் எம் பொண்ணப் பொதச்சிட்டு வந்தேன். நீயா இருந்தா என்னத்த வெட்டியிருப்ப?" என்றாராம். வைமண்ட் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "எம் புள்ள காசுல அந்த ரெண்டு எழுத்த இப்பப் போட்டுடுங்க அண்ணே" என்று கெஞ்சினான். ராஜா காசில் கை வைத்தால் தூக்குதான், இரண்டு பேருக்கும்.

"தூக்கப் பத்தி எனக்கு இனிமே என்ன கவல?" என்றாராம் ஹேமோ. "இடமில்லடா வைமண்ட். டோமினேக்கும் இன்னுக்கும் நடுவுல ஒரு முடிகூட நுழையாது. நானே அவ்வளவு நெருக்கி வெட்டியிருக்கேன்."

அவன் வெறுங்கையோடு திரும்பியபோது அமிஸுக்கு மறுபடி அனலாகக் கொதித்தது. அன்று அவன் பட்ட பாட்டை நான் எதிரிக்குக்கூட நினைக்கமாட்டேன். காசைக் கழற்றுவான். கழற்றினால் புனிதருக்குக் கொடுத்ததைப் பிடுங்கினது மாதிரி ஆகுமே என்று கட்டுவான். கட்டினால் சாபமாயிற்றே என்று மறுபடி முடிச்சை அவிழ்ப்பான். "எடுத்தா புனிதருக்குக் கோவம், விட்டா ஆண்டவருக்குக் கோவம். நான் யார் கால்லக்கா விழறது?" என்று சுவரில் தலையை மோதிக்கொண்டான். அவனைப் பிடித்து உட்காரவைக்க எனக்குப் பலம் போதவில்லை. அந்தக் காசைத் தொட எனக்கும் பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் மத்தியானம் உபதேசியார் வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். வாசலிலேயே நின்றுகொண்டார், என்னிடம் இருந்த பயத்தில்.

"வைமண்ட், நான் யோசிச்சுப் பாத்தேன். இருக்கறது ஒரு நேதானே? அத டோமினேயோட வால்னு ஏன் நெனைக்கணும்? அதையே 'வேண்டாம்'னு வச்சுக்கோ. அப்ப முன்னால என்ன மிஞ்சுது? டோமி. டோமின்னாலும் ஒரு வார்த்த இருக்கு. 'வீட்டிலே'ன்னு அர்த்தம்."

"வீட்டிலே?"

"டோமி, நே இன் ஃபுரோரே துவோ ஆர்குவாஸ் மே. 'வீட்டிலே, உம்முடைய கோபத்திலே என்னைக் கண்டிக்க வேண்டாம்.' சரியா வருது. எல்லாம் சரியா வருது."

அவர் படிப்பைச் சொன்னாரா, அவனைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு பிடிமானம் கொடுத்தாரா, நான் கேட்டதில்லை. வைமண்ட் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். நேரே போய் ஜன்னல் பலகையை இறக்கினான். உபதேசியாரையும் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். விரிசலிலெல்லாம் துணி அடைத்தான். வீட்டுக்குள் இருக்கிற வரைக்கும் அந்தக் காசு ஜெபம். வாசலைத் தாண்டினால் சாபம். அவனுக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

அடுப்பில் மூலிகைப் புகை வேறு. ஆடி மாசத்து வெயில் வெளியே காய்ச்சுகிறது, உள்ளே மூச்சுவிட ஆகாது. அமிஸ் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"அப்பா, ஆத்துக்குப் போலாம்ப்பா. இங்க மூச்சு முட்டுது."

"வேணாம் கண்ணு. வீடுதான் நல்லது."

"படகு பாக்கணும்ப்பா."

"எந்திரிச்சதும் பாக்கலாம் கண்ணு."

"அப்பா, வெளிய தூக்கிட்டுப் போப்பா. அப்பா. தூக்கிட்டுப் போப்பா."

இதையே சொல்லிக்கொண்டிருந்தாள், குரல் தேய்கிற வரைக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. "புள்ளய வேகவைக்கிறியாடா? கதவத் தொற!" என்று கத்தினேன்.

"தொறந்தா 'வீட்டிலே'ங்கறது போயிடும்க்கா! வெறும் கோவம் மட்டும் மிஞ்சும்!" என்று அவனும் கத்தினான். கத்திவிட்டு அவள் கழுத்தில் கிடந்த காசைப் பார்த்தான். பிறகு நல்ல காதை உபதேசியார் பக்கம் திருப்பி, "ஐயா, கடைசி வார்த்த என்ன? மே?" என்றான்.

"ஆமா. மே. 'என்னை'."

"என்னைன்னா யாரை?"

"யார் போட்டிருக்காங்களோ அவங்கள."

"யார் கழுத்துல கெடக்கோ அவங்கள. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

வைமண்ட் அவள் கழுத்திலிருந்து நூலை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பிள்ளையை வாரி எடுத்தான். கதவைக் காலாலேயே உதைத்துத் திறந்து, வாசலைத் தாண்டும்போது, வாழ்க்கையில் தெரிந்த ஒரே லத்தீனைக் கத்தினான். "டோமினே இன் ஃபுரோரே துவோ ஆர்குவாஸ் மே! மே! மே!" நே இல்லாமல், காசில் இருக்கிறபடியே. ஒவ்வொரு மேக்கும் பிள்ளையைத் தாங்கிய கையாலேயே தன் நெஞ்சில் இடித்துக்கொண்டான். சந்தில் சாத்தியிருந்த ஜன்னல்கள் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டன.

ஆற்றுப் படிக்கட்டில் என் மடியில் அவளைக் கிடத்தினான். கிடத்தின கையோடு ஓடினான். கரையோரமாக, சேற்றில் விழுந்து எழுந்து, எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். விழப்போகிற கோபம் தன்மேல் மட்டும் விழவேண்டும் என்று. கண்ணுக்கெட்டிய தூரத்தில் சேற்றில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவளுக்குக் கட்டி உடைந்தது. பிழைத்துக்கொண்டாள். காற்றா, ஆண்டவரா, தங்கமா, நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். நேர்ந்த கடனை அடைக்க அவன் கேன்டர்பரிக்கு வெறுங்காலோடு போனான். தனியாகத்தான், அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடக்க முடியாதே. சமாதி வரைக்கும் போனவன் காசைக் கழற்றவில்லை. கழற்றினால் அந்தக் கோபம் முதலில் யார் தலைக்கு மேல் வளைக்கப்பட்டதோ அவளிடமே திரும்பிப் போய்விட்டால்? அவள் உயரத்துக்கு ஒரு திரி அளந்து மெழுகுவர்த்தி வார்த்து ஏற்றி, புனிதரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, காசோடு திரும்பி வந்தான்.

வீட்டுக்குள் அவன் வேறு ஆள். அவளுக்குத் தலை வாரிவிடுவான், கதை சொல்லுவான், அவள் செய்த ரொட்டியைக் கிண்டல் செய்து அடி வாங்குவான். வாசல் தாண்டினால் அவள் கிட்டேயே போக மாட்டான். சின்னவளாக இருந்தபோது அவள் ஓடிப்போய் அவன் விரலைப் பிடிப்பாள், நெருப்புப் பட்டது போல உதறுவான். அவள் அழுவாள். கொஞ்சம் வளர்ந்ததும் அழுகையை விட்டுவிட்டாள். என் கடைக்கு வந்து பானை கழுவிக்கொண்டே, "எங்கப்பா என்ன எட்டி நின்னு காப்பாத்துறாரு அத்தை" என்பாள், சிரிக்காமல்.

ஹாப்கின் என்று ஒரு படகோட்டிப் பையன் அவளைக் கேட்டு வந்தான். நல்ல பையன், கொஞ்சம் வாய்க்கொழுப்பு. எங்களுக்குக் கல்யாணம் கோயில் வாசலில்தான் நடக்கும், முடிந்த பிறகுதான் பூசைக்கு உள்ளே போவது. வைமண்ட் பங்குச் சாமியாரிடம் போய், உள்ளேயே நடத்திவிடக்கூடாதா, கோயிலும் ஒரு வீடுதானே என்று மன்றாடியிருக்கிறான். "வாசல்ல நடத்தறதுதான்யா வழக்கம்" என்று சாமியார் அனுப்பிவிட்டார்.

கல்யாணத்தன்று வானம் மூடிக்கொண்டிருந்தது. அமிஸ் வாசல்படியில், ஹாப்கின் பக்கத்தில். வைமண்ட் தெருவுக்கு எதிர்ப்பக்கம் சேணம் தைக்கிறவர் கடைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு.

"பெண்ணை யார் கொடுக்கிறது?" என்று சாமியார் கேட்டார்.

"நான்தான் சாமி! நான்தான் குடுக்குறேன்! நீங்க முடிங்க!" என்று அங்கிருந்தே கத்தினான்.

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். "பொண்ண வீசி எறிவாரா, நாங்க புடிச்சுக்கணுமா?" என்று ஒருவன் கேட்டான். அமிஸ் ஹாப்கின் கையை விட்டுவிட்டு, படியிறங்கி, தெருவைக் கடந்து நேராக அப்பனிடம் நடந்தாள்.

அவன் பின்வாங்கினான். அவள் வந்தாள். அவன் திரும்பி ஓட ஆரம்பித்தான். கல்யாணப் பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். என் ஆயுசில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாங்களும் ஓடினோம். ஆற்றுப் படிக்கட்டில் அவனுக்கு வழி முடிந்தது. தண்ணீர் ஏறி நின்றது.

"கிட்ட வராத அமிஸ்! மேல பாரு, கருத்துக்கெடக்கு! உன் மேல விழும்டி!"

"விழட்டும்."

"உன்ன கெஞ்சிக் கேக்குறேன் தாயி, போ!"

"அன்னைக்கும் இங்கதாம்ப்பா என்னப் போட்டுட்டு ஓடின. நான் கூப்பிட்டேன். அத்தை மடியில கெடந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீ திரும்பியே பாக்கல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "சாவேன்னு எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நீ பக்கத்துல இருந்தாப் போதும்னு நெனச்சேன்."

அவள் கூப்பிட்டது உண்மை. நான் கேட்டேன். அவனுக்குத்தான் கேட்கவில்லை, அல்லது கேட்டும் ஓடினான்.

அக்கரையில் எங்கோ இடி இடித்தது. வைமண்ட் ஒரே எட்டில் பாய்ந்து அவளை இழுத்து, அந்தப் பெரிய தோளுக்குக் கீழே போட்டு மூடி, இரண்டு கையாலும் அவள் தலையைப் பொத்திக்கொண்டான். "மே! மே!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினான். "நான்தான்! இவ இல்ல! மே!" வளைந்த காசு அவன் சட்டைக்கு வெளியே வந்து ஆடியது. மழைதான் வந்தது. சாதாரண மழை, எல்லோர் தலையிலும் ஒன்றுபோலப் பெய்தது.

சாமியார் புத்தகத்தை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்துசேர்ந்தார். ஹாப்கின் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். எல்லோரும் நனைந்துகொண்டு காத்திருந்தோம். சாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மெதுவாகக் கேட்டார், "பெண்ணை யார் கொடுக்கிறது?"

பிடித்த பிடியை வைமண்ட் விடவே இல்லை.